பாயிண்டுக் கணக்கில் வராத பல்பு

வீடு பார்க்கப் போனால் எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள், தரையைப் பார்ப்பார்கள், கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். நான் அண்ணாந்து பார்ப்பேன். மேலே எத்தனை ஹோல்டர் தொங்குகிறது, ஃபேன் கொக்கி ஒன்றா இரண்டா, சுவரில் பிளக் எங்கெங்கே என்று எண்ணிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவேன். வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும். வாடகை, வாய் திறந்து சொல்கிற தொகை. அதன் பின்னால் கரண்டு, தண்ணீர், சீமெண்ணெய் என்று சொல்லாத தொகைகள் வரிசையில் நிற்கும். குடித்தனத்தை மூச்சுமுட்ட வைப்பது அதுகள்தான்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது சிவகாசியில், நாரணாபுரம் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு வளவில். தெருவிலிருந்து ஒரே நடை வழியாக உள்ளே போனால் நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி ஐந்து வீடு. ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். முன்வீட்டில் வளவின் சொந்தக்காரர் இருந்தார். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பிரஸ்களில் வெட்டி மிஞ்சுகிற தாளை எடைக்கு வாங்கி விற்கிற வியாபாரம் அவருக்கு. ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர், அவர் பெயரில். அதனால் கரண்டு பில்லைப் பிரிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். பாயிண்டுக் கணக்கு என்று அதற்குப் பெயர்.

ஒரு லைட் ஒரு பாயிண்டு. ஃபேன் இரண்டு பாயிண்டு. டிவி மூன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபிக்காரர் வந்து ரீடிங் எடுத்ததும், வந்த பில்லை ஐந்து வீட்டின் மொத்தப் பாயிண்டால் வகுத்து, அவரவர் பாயிண்டுக்கு ஏற்பப் பணம் கட்ட வேண்டும். உப்புத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாருக்கான பங்கு எல்லோருக்கும் சமம். நாங்கள் வீடு பார்க்கப் போன அன்றே அண்ணாச்சி விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

“மிக்ஸி இருக்காம்மா?”

“இல்ல அண்ணாச்சி.”

“அயன்பாக்ஸ்?”

“அதுவும் இல்ல.”

“டிவி பொட்டி பின்னால வாங்குவீகளோ?”

“வாங்குனா சொல்லீருறோம் அண்ணாச்சி,” என்றார் என் கணவர்.

“சொல்லீரணும். ஒரு லைட்டு கூடுனாலும் எங்கிட்டச் சொல்லீரணும். நீங்க மறைச்சா அடுத்த வீட்டுக்காரன் தலையில விடியும். பாவம் பாத்துக்கோங்க. அப்புறம் முக்கியமா ஒண்ணு. நம்ம வளவுக்குள்ள மருந்து வேலை கூடவே கூடாது. திரி காயப்போடுறது, சரம் கட்டுறது, எதுவும் ஆகாது. கம்பெனியில செய்யுறத கம்பெனியோட விட்டுட்டு வரணும்.”

பட்டாசுக்குப் போடுகிற வெடிமருந்தை எங்கள் பக்கம் மருந்து என்றே சொல்வோம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்து கூலிக்கு வேலை பார்க்கிறவர்கள் அப்போது உண்டு. அண்ணாச்சியின் சொந்தத்திலேயே ஒரு வீடு அப்படி வெடித்துப் போயிருந்தது. அதைப் பற்றி அவர் பேசமாட்டார். ஆனால் யார் வீட்டுக்குள் புதுச் சாக்கு போனாலும் அது என்ன என்று கேட்காமல் விடமாட்டார்.

நாங்கள் இரண்டு லைட், ஒரு ஃபேன் என்று எழுதிக்கொடுத்தோம். அன்று திரும்பும்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மாதச் செலவைக் கூட்டிப் பார்த்தோம். என் கணவர் பிரஸ்ஸில் மெஷினுக்குத் தாள் கொடுக்கிற வேலையில் இருந்தார். எனக்கு அப்போது ஏழாவது மாதம். வாடகை, நான்கு பாயிண்டுக்குக் கரண்டு, நல்ல தண்ணீர் வராத வாரம் வண்டிக்காரரிடம் வாங்குகிற குடங்கள், ரேஷனில் கிடைத்தது போக வெளியில் வாங்குகிற சீமெண்ணெய் என்று எல்லாம் போட்டோம். பிறக்கப் போகிற பிள்ளைக்கு என்று பாலையும் துணியையும் கூட யோசித்தோம். பிள்ளைக்குக் கரண்டு செலவாகும் என்று எந்தப் புத்திசாலிக்குத் தோன்றும்?

அது எங்களுக்கு இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை குறைமாதத்தில் பிறந்து, வீட்டுக்கு வந்து, சில நாளிலேயே போய்விட்டது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். கால் சில்லிட்டது. கை சில்லிட்டது. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். என் மடியில்தான், என் கைக்குள்தான் அது ஆறிப்போனது. அதற்குப் பிறகு என் உடம்பின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. இந்த வயிறு ஒரு பிள்ளையை முழுசாக வைத்திருக்கத் துப்பில்லாதது, இந்த மடி ஒரு பிள்ளையைச் சூடாக வைத்திருக்கத் தெரியாதது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் திரிந்தேன்.

இரண்டாவதும் எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டது. பெண். உள்ளங்கையில் பாதி இருந்தது முகம். ஆஸ்பத்திரியில் பல்பு எரிகிற கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பெட்டிக்கு வெளியே நின்றேன். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ், “சூடு மட்டும் குறையக்கூடாது, சும்மா சும்மா கையில தூக்காதீங்க,” என்று சொன்னார். எப்படிக் குறையாமல் பார்த்துக்கொள்வது என்று கேட்க வாய் வருவதற்குள் அவரை வேறு கட்டிலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வார்டைப் பெருக்குகிற அம்மாதான் என்னை ஓரமாக இழுத்துச் சொன்னார்.

“ஒரு அட்டைப்பொட்டியில பஞ்ச வச்சுக் கெடத்தி, மேல நூறு வாட்ஸ் குண்டு பல்பத் தொங்க விடு தாயி. ராவும் பகலும் எரியட்டும். இங்கன இருக்கதும் அதுதான, கண்ணாடி ஒண்ணுதான் கூட.”

சிவகாசியில் அட்டைப்பெட்டி என்றால் அது பட்டாசுப் பெட்டிதான். மளிகைக் கடையில் சாமான் கட்டிக் கொடுப்பதும் அதில்தான், துணிமணி வைப்பதும் அதில்தான். என் கணவர் புதுசாக ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். நான்கு பக்கமும் சரவெடிப் படம், தீயிலிருந்து தள்ளி வைக்கவும் என்று சிவப்பு எழுத்து. உள்ளே இலவம்பஞ்சைப் பரப்பி, பழைய வேட்டியை மடித்துப் போட்டு அவளைக் கிடத்தினோம். ஹோல்டரிலிருந்து ஒரு வயரை இழுத்து, ஆணியில் மாட்டி, பெட்டிக்கு ஒரு முழம் மேலே பல்பைத் தொங்கவிட்டார். சுவிட்சைப் போட்டதும் அந்த மஞ்சள் வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் பிரஸ்ஸில் வயரிங் பார்க்கிறவரிடம் கேட்டுவந்து என் கணவர் கணக்குச் சொன்னார். நூறு வாட்ஸ் பல்பு பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். ராவும் பகலும் எரிந்தால் மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று நான் விரல் விட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டின் லைட்டும் ஃபேனும் சேர்ந்து இழுப்பதைப் போல அது பல மடங்கு. யூனிட் ஓர் அளவைத் தாண்டினால் விலையும் ஏறிவிடும். மீட்டர் ஒன்று என்பதால் வளவு முழுக்க ஏறும்.

“அண்ணாச்சிட்டச் சொல்லீருவமா?” என்றார் அவர்.

“சொன்னா எடுக்கச் சொல்லுவாரு.”

“புள்ளைக்குன்னு சொன்னா?”

“எடுக்கச் சொல்லிட்டா என்ன செய்வீக? சொல்லுங்க, என்ன செய்வீக?”

சொல்லவில்லை நாங்கள். திருட்டு என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் பாயிண்டு பேச வேண்டாம்.

கதவைச் சாத்தினேன். ஜன்னலுக்குப் பழைய சேலையைக் கட்டினேன். பாதி குளிருக்கு, பாதி கண்ணுக்கு. பிள்ளையை யாருக்கும் காட்டவில்லை. பிறந்தது தெரியும், பார்த்தவர் யாருமில்லை. எதிர்வீட்டு அக்கா ஒருத்தி பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். எம். புதுப்பட்டிப் பக்கம் தினமும் கம்பெனி வேனில் போய் வருவாள். ஒரு சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய கையோடு, ஆசையாகத்தான், பிள்ளையைப் பார்க்க வந்தாள். கையும் கழுத்தும் மருந்துத் தூள் ஒட்டி வெள்ளியாக மின்னின. நான் குறுக்கே நின்று, “மருந்துக் கையோட பச்சப்புள்ளயப் பாக்க வருவாகளாக்கா?” என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். வெளியிலிருந்து, “நல்லாருப்ப தாயி,” என்று அவள் குரல் கேட்டது. வாழ்த்து இல்லை அது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

ஐப்பசி பிறந்து மழையும் பிடித்தது. தீபாவளிக்கு முந்தின சீசன் என்பதால் பிரஸ்களிலும் கம்பெனிகளிலும் மூச்சுவிட நேரமில்லை. காலண்டர் ஆர்டர் வேறு குவிந்து கிடந்தது. என் கணவர் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பால் கொடுக்கத் தூக்குவேன், அவசர அவசரமாக வெளிச்சத்துக்குள் திரும்ப வைத்துவிடுவேன். அந்த வருடம்தான் மின்வெட்டு என்று தினமும் கரண்டை நிறுத்த ஆரம்பித்திருந்தார்கள். அந்த நேரத்தில் தோசைக்கல்லில் துணியைச் சுட வைத்து மாற்றி மாற்றிப் போர்த்துவேன். துணி நிமிஷத்தில் ஆறிவிடும். கரண்டு வருகிறவரை எந்தக் கோயிலையும் பாக்கி வைக்காமல் கும்பிடுவேன்.

ஈபிக்காரர் ரீடிங் எடுத்துவிட்டுப் போன அன்று அண்ணாச்சி முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். கையில் மீட்டர் அட்டை.

“எந்த வீட்டுல என்ன ஓடுது? இப்பவே சொல்லீருங்க. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஏணி வச்சாலும் எட்டல. ஹீட்டரு போடுறது யாரு?”

ஆளாளுக்கு இல்லை என்றார்கள். நானும் கதவிடுக்கில் தலையை நீட்டி இல்லை என்றேன். எதிர்வீட்டு அக்கா என் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பகல்லயும் கதவச் சாத்தி வச்சிருக்க வீட்டுலயெல்லாம் கேளுங்க அண்ணாச்சி,” என்றாள். நான் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து நடந்தது. வளவுக்காரர்கள் பக்கம் என்ன நடந்தது என்று பின்னால்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. அன்று காலையில் கம்பெனியில் கொஞ்ச நேரம் வேலை ஓடியதும் மழை பிடித்துக்கொண்டது. மழையில் மருந்து வேலை பார்க்க முடியாது என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா குளிக்கக்கூட இல்லாமல், மின்னுகிற கையோடு முற்றத்தில் வரும்போது காற்றில் என் ஜன்னல் சேலை விலகியிருக்கிறது. அவள் கண்ணில் பட்டது ஒரு பட்டாசுப் பெட்டி. அதற்கு மேல் எரிகிற பெரிய பல்பு. பெட்டிக்குள் எட்டிப்பார்க்கிற வெள்ளைப் பஞ்சு.

இதைப் பார்த்தால் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒருத்தி என்ன நினைப்பாளோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒன்றைத்தான் நினைப்பார்கள். மழைக்காலத்தில் வெயிலில்லாமல், கள்ளத்தனமாக, பல்புச் சூட்டில் வெடித்திரி காயப்போட்டிருக்கிறாள். ராப்பகலாக ஓடுகிற மீட்டருக்கும் சாத்திய கதவுக்கும் யாருக்கும் காட்டாத பிள்ளைக்கும் ஒரே பதில் கிடைத்துவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் நான் பதறி எதையாவது தட்டிவிடுவேன் என்று பயம். வீடு வீடாக ஓடிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போயிருக்கிறாள். அண்ணாச்சியிடம் சொன்னதும் அவர் மீட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, திரும்பிப் பார்க்காமல் எறிந்துவிட்டு வெளியே பாய்ந்திருக்கிறார். அந்தப் பீங்கான் துணி துவைக்கிற கல்லில் பட்டுச் சில்லுச் சில்லாகப் போயிருக்கிறது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பல்பு அணைந்தது.

மின்வெட்டு என்று நினைத்தேன். அன்றைக்கு நேரம் தவறிப் போகிறதே, நாசமாய்ப் போனவர்கள் என்று திட்டிக்கொண்டே ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். திரி புகைந்து அணைந்தது. சீமெண்ணெய் இல்லை. அந்த மாத ரேஷன் இன்னும் போடவில்லை. மழைக் குளிர் கூரையிலிருந்து இறங்கியது. பெட்டிக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டேன். சூடு இருந்தது. கொஞ்சம் கழித்துத் தொட்டேன். குறைந்திருந்தது. என் கை ஈரமாக இருந்ததால் அப்படித் தோன்றுகிறதோ என்று சேலையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். முதல் பிள்ளையின் பாதம் எப்படி இருந்தது என்று என் விரலுக்கு ஞாபகம் இருந்தது. அதேதான்.

அப்போது என் காதில் விழுந்தது பின்தெருப் பிரஸ்ஸின் சத்தம். கடக் கடக் என்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கரண்டு இருக்கிறது. எங்கள் வளவில் மட்டும்தான் இல்லை. கண்டுபிடித்துவிட்டார்கள், பிடுங்கிவிட்டார்கள் என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது.

கதவைத் திறந்தால் முற்றத்தில் ஓர் ஆள் இல்லை. நான்கு வீடும் திறந்து கிடந்தது. ஓர் அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒற்றைச் செருப்புகள் அங்கங்கே கிடந்தன. நடை வழியாக ஓடித் தெருவைப் பார்த்தேன். தெருக்கோடி டீக்கடை ஓரத்தில் தூறலில் நனைந்துகொண்டு வளவே நின்றது. அண்ணாச்சி முன்னால் நின்றார்.

“கரண்டப் போடுங்க அண்ணாச்சி!” என்று கத்தினேன்.

“அதத் தொடாம வெளிய வா தாயி! ஓடி வந்துரு!”

“கரண்டப் போடுங்க! ஒங்க காலுல விழறேன், போடுங்க!”

“அடி சண்டாளி, இன்னுமா கரண்டு கேக்க? இத்தன உசிரு இருக்க எடத்துல என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!”

“ஒரு பல்புதான அண்ணாச்சி! ஒத்தப் பல்புக்கா இந்தக் கொடும பண்றீக? காசு தாரேன். எம்புட்டுப் பாயிண்டு வேணும்னாலும் போட்டுக்கோங்க!”

“புள்ளயத் தூக்கிக்கிட்டு வாடி! புள்ள எங்க?” என்று எதிர்வீட்டு அக்கா கத்தினாள்.

அவர்கள் சொன்னது ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. பார்க்கட்டும் என்று தோன்றியது. எதற்காக எரித்தேன் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் போட மாட்டேன் என்று சொல்லட்டும். உள்ளே ஓடி, வயரைத் தள்ளிவிட்டு, பெட்டியை அப்படியே தூக்கினேன். மழை படாமல் முந்தானையை மேலே போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி அவர்களை நோக்கி ஓடினேன்.

கூட்டம் சிதறியது. “ஐயோ, தூக்கிட்டு வாராளே!” என்று ஒரு குரல். அண்ணாச்சி வேட்டி தடுக்கி விழுந்து எழுந்து ஓடினார். டீக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். நான் துரத்தினேன். “பாருங்க! பாத்துட்டுப் போங்க! ஒரு தடவ பாருங்க!” என்று அழுதுகொண்டே, சரவெடிப் படம் போட்ட பெட்டியோடு ஒரு தெரு ஜனத்தையே துரத்திக்கொண்டு ஓடினேன். இன்றைக்குச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

ஓடாமல் நின்றவள் எதிர்வீட்டு அக்கா ஒருத்திதான். கையை முன்னால் நீட்டியபடி நின்றாள். மருந்தைத் தூக்குகிறவள் இப்படிக் குலுக்கிக்கொண்டு ஓடமாட்டாள், அதைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது என்று பின்னால் சொன்னாள். அவள் முன்னால் போய் நின்று முந்தானையை விலக்கினேன்.

அவள் குனிந்து பார்த்தாள்.

“அடிப் பாவி மகளே. இது புள்ளதானடி!”

“சில்லிட்டுப் போச்சுக்கா. கரண்டப் போடச் சொல்லுங்கக்கா.”

தொடப் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். வெள்ளியாக மின்னுகிற தன் விரல்களைப் பார்த்தாள். “உள்ள வா,” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

குழாயில் உப்புத் தண்ணீர் வரவில்லை. கரண்டு இல்லாமல் மோட்டார் எப்படி ஓடும்? தொட்டியும் காலி. அவள் வீட்டுக்குள் நல்ல தண்ணீர் இரண்டு குடம் இருந்தது. அடுத்து எப்போது குழாய் திறப்பார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டையும் முற்றத்தில் வைத்துத் தலையில் கவிழ்த்தாள். சோப்பைப் போட்டுக் கையை, கழுத்தை, நெஞ்சைத் தேய்த்தாள். தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்தாள். மாற்றுச் சேலையைச் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“துணியெல்லாம் உருவிட்டுக் குடு.”

“தூக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாக.”

“அப்ப கரண்டையும் அவளையே போடச் சொல்லு. குடுடி இங்க.”

கொடுத்தேன். வெறும் நெஞ்சின் மேல் பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு, தலையோடு சேர்த்துச் சேலையால் மூடினாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒரு சின்னப் பாதம் மட்டும் மடிப்பில் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். பிள்ளை மிரளக் கூடாது என்று மெதுவான குரலில், நிறுத்தாமல் திட்டினாள். அன்று நான் கதவைச் சாத்தியதைச் சொல்லித் திட்டினாள். வளவே செத்துப் பிழைத்ததைச் சொல்லித் திட்டினாள். என் கணவரை, அவரைப் பெற்றவர்களை, ஒருவரையும் விடவில்லை. எனக்கு அந்தத் திட்டு வேண்டியிருந்தது. அது நின்றால் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம் போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். முழங்காலில் சிராய்ப்பு. உள்ளே பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஒரு வார்த்த சொல்லீருக்கலாமேம்மா.”

“சொல்லீருந்தா என்ன செஞ்சிருப்பீக?” என்று கேட்டேன்.

பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பொய் சொல்லத் தெரியாது. “அப்ப என்ன சொல்லியிருப்பேன்னு தெரியலம்மா,” என்றார். பிறகு, கேரியர் உடைந்துவிட்டது, வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு மழையில் போனார். அடுத்த பில்லில் அந்தப் பல்பையும் பாயிண்டில் சேர்த்தார். நானும் கட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா கட்டவில்லை, அது வேறு.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடப் பயமாக இருந்தது. தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. சோறு பொங்கிய வீட்டில் யாரோ பாத்திரத்தை இறக்குகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் முற்றத்துக்குத் திரும்பிவந்திருந்தார்கள். ஒருத்தரும் சத்தமாகப் பேசவில்லை.

“தொட்டுத்தான் பாரேன்,” என்றாள் அக்கா.

தொட்டேன். விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். பல்புக்கடியில் இருந்தபோதுகூட அவள் பாதம் அப்படி இருந்ததில்லை. அங்கே மேல்பக்கம் சுடும், அடிப்பக்கம் பஞ்சுக்குள் குளிர்ந்துதான் கிடக்கும். இது உள்ளிருந்து வந்த சூடு. கால்விரல்கள் என் விரலை ஒருமுறை உதைத்தன. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“எப்படிக்கா?”

“என்ன எப்படி? எம் மேலயும் ஒம் மேலயும் இருக்கது ஒரே தோலுதான.”

“எம் மடியிலதான் மொதப் புள்ள செத்துச்சு.”

அவள் முதல்முறையாகத் திட்டுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

அப்போது கரண்டு வந்தது. ஆணியில் தொங்கிய பல்பு காலிப் பெட்டியின் மேல் பளீரென்று எரிந்தது. பழக்கத்தில் நான் பெட்டியை அதற்கு நேராக இழுத்து வைத்தேன். வேட்டியைத் தட்டி விரித்தேன். பிள்ளையை வாங்கி அதற்குள் போட எழுந்து நின்றேன்.

“கண்ணு கூசுது,” என்றாள் அக்கா. “அத அமத்து.”

கரண்டு இருக்கும்போது அந்தச் சுவிட்சில் நான் கைவைத்ததே இல்லை. பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது என் கையால் ஒருமுறைகூட அணைந்ததில்லை. பக்கத்தில் போய் நின்றேன். வெளியே முற்றத்தில் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது, தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

சுவிட்சை நிறுத்தினேன். மழை இருட்டில் கீழே உட்கார்ந்து, ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

“குடுங்கக்கா,” என்றேன்.